ஓப்டால் ஏமாற்றாத வியாழக்கிழமை

இரண்டு வருடமும் என்னை வேண்டாம் என்று சொன்ன மருத்துவக் கல்லூரிகள் எல்லாமே மிக மரியாதையாகத்தான் சொன்னன. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மார்க் நன்றாக இருக்கிறதாம், நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண்ணாம், ஆனால் இந்த வருடம் தகுதியுள்ளவர்கள் ஏராளமாம். திட்டியிருந்தாலாவது எங்கே தப்பு என்று தெரிந்திருக்கும்.

தெரிந்துகொள்ள ஃபெல்ட்காம்ப்பிடம் போனேன். நான் படித்த கல்லூரியில், டாக்டராக நினைக்கிற பிள்ளைகளுக்கு வழிகாட்டுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர். வருடம் முழுக்க ஒரே ஸ்வெட்டர். என் விண்ணப்பத்தைத் திரையில் மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார்.

"எல்லாம் இருக்கு பிரிட்டா. ஆனா நீ இல்ல."

"நான் எங்க போனேன்?"

"இந்த மாதிரி ஒரு விண்ணப்பம் எனக்கு வாரத்துக்கு நாலு வருது. ஆராய்ச்சிக்கூடத்துல மீன், சர்ச்சோட குவாத்தமாலா, ஏழைங்களுக்குச் சாப்பாடு, ஒரு சங்கத்துல துணைத் தலைவர். இதுல எது உனக்கு நிஜமா முக்கியம்?"

படிப்புக்கு வெளியே என்ன செய்தோம் என்று எழுத விண்ணப்பத்தில் பதினைந்து கட்டங்கள் உண்டு. அவற்றில் மூன்றுக்கு நட்சத்திரம் போட்டு, இவைதான் என்னை மாற்றின என்று உருகி உருகி எழுத வேண்டும். நான் முதலில் நட்சத்திரம் போட்டது குவாத்தமாலாவுக்கு. பள்ளிக்கூடத்துக்குச் சுவர் பூசப் போனோம். நாங்கள் பூசிய சுவரை உள்ளூர்க் கொத்தனார் மறுநாள் சுரண்டிவிட்டுத் திரும்பப் பூசினார். அதில் எனக்குள் என்ன மாறியது என்று நான் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். இப்போது படித்தால் எனக்கே கூசுகிறது.

"நோயாளியோட உக்காரு. அவங்க சொல்றதைக் கேளு. ஒரு கதை கிடைக்கும். அது இல்லாம இந்த வருஷமும் கஷ்டந்தான்" என்றார் ஃபெல்ட்காம்ப்.

அடுத்த வருடம் என்று ஒன்று எனக்குக் கிடையாது. என் நுழைவுத் தேர்வு மதிப்பெண் இந்தச் சுற்றோடு காலாவதி. மறுபடியும் எழுத வேண்டுமென்றால் கண் டாக்டரிடம் பார்க்கிற குறிப்பெழுதும் வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் படிக்க வேண்டும். அதற்கு என் கையில் காசும் இல்லை, மனசில் தெம்பும் இல்லை. இந்த முறை கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் பல் சுத்தம் செய்கிற படிப்புக்குப் போய்விடுவது என்று முடிவெடுத்திருந்தேன். வீட்டில் சொன்னபோது அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நகராட்சியில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர். மேலே உருளைக்கிழங்கு அடுக்கி வேகவைத்த இறைச்சியை மூன்றாவது கரண்டி போட்டுக்கொண்டு, "சீக்கிரம் டாக்டராகு தாயி. அதுக்குள்ள என் முட்டி ரெண்டும் போயிடும்போல இருக்கு" என்றார்.

மேட்டில், ஏரியைப் பார்த்தபடி இருக்கிற ஆஸ்பத்திரியில் வாலண்டியராகச் சேர்ந்தேன். அங்கே எங்களுக்கு ஆளுக்கொரு கையில்லாத சிவப்புச் சட்டை. எங்களை மேய்க்கிற லொரெய்ன் முதல் நாளே விதிகளைச் சொல்லிவிட்டாள். போர்வை கொடுக்கலாம், தண்ணீர் கொடுப்பதென்றால் நர்ஸைக் கேட்டுக் கொடுக்கலாம், பேச்சுத்துணைக்கு உட்காரலாம். உடம்பு நிலைமையைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. டாக்டர்களை வழிமறிக்கக் கூடாது.

"அவங்க வேலை அவங்களுக்கு, நம்ம வேலை நமக்கு. புரிஞ்சுதா எல்லாருக்கும்?" என்றாள்.

எல்லாரும் தலையாட்டினோம். சிவப்புச் சட்டை போட்ட அத்தனை பேரும் என்னைப்போலக் கதை தேடி வந்தவர்கள்தான். யாரும் வரவேற்பு மேசைக்குப் போக மாட்டார்கள். பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். நோயாளி வேண்டும், அதுவும் பேசுகிற நோயாளி வேண்டும். அப்படிப்பட்டவர் நான்காம் மாடியில் ஒருவர் இருக்கிறார் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

வெர்லின் ஓப்டால். இரும்புத்தாது ஏற்றும் கப்பல்களில் ஆயுசு முழுக்கச் சமையல்காரர். சர்க்கரை நோய், ஆறாத கால் புண். புண் ஓரளவு ஆறிவிட்டாலும் அவரை எடுத்துக்கொள்ள எந்த முதியோர் இல்லத்திலும் இடமில்லை. அதனால் மாதக்கணக்கில் அதே கட்டிலில் கிடந்தார். நான் முதல் வியாழக்கிழமை அறைக்குள் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஃபெல்ட்காம்ப் சொல்லிக்கொடுத்த மாதிரி மெல்லிய குரலில், இந்த நோய் உங்களை எப்படி மாற்றியது என்று கேட்டேன்.

அவர் ஜன்னலைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"டாக்டருங்க எல்லாம் என் காலைப் பாத்தாங்கம்மா. நீதான் என்னைப் பாத்த."

என் கண் நிறைந்துவிட்டது. கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டு, வார்த்தை மாறாமல் கைபேசியில் தட்டி வைத்துக்கொண்டேன். கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். முதல் நாளே, அரை மணி நேரத்தில்.

அதற்குப் பிறகு அந்த மனுஷன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வரவில்லை.

மறுவாரம் போனபோது என்னை மேலும் கீழும் பார்த்து, "நீ என்ன திரும்ப வந்துட்ட?" என்றார். வாலண்டியர் என்றால் திரும்ப வருவார்கள்தானே என்றேன். பெருமூச்சு விட்டார். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு துளைப்பலகையையும் சீட்டுக்கட்டையும் எடுத்தார். கிரிபேஜ். எங்கள் பக்கத்தில் தொட்டில் பிள்ளைக்கும் தெரிந்த ஆட்டம். கையில் வந்த சீட்டுக்கு எத்தனை புள்ளியோ, அத்தனை துளை உன் குச்சியை நகர்த்த வேண்டும். யார் குச்சி கடைசித் துளைக்கு முதலில் போகிறதோ அவரே ஜெயித்தவர்.

ஓப்டால் ஏமாற்றுவார். கொஞ்சநஞ்சமில்லை. "பதினைஞ்சுக்கு ரெண்டு, இன்னொரு பதினைஞ்சுக்கு நாலு, ஒரு ஜோடி, ஆறு" என்று ஏலம் விடுகிற வேகத்தில் கூட்டிச் சொல்லிக்கொண்டே எட்டுத் துளை தாண்டி வைப்பார். கை நடுக்கம் வேறு. குச்சி எங்கிருந்து கிளம்பி எங்கே போய் உட்கார்ந்தது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் பிடிக்க முடியாது. பிடித்துவிட்டாலோ கத்துவார்.

"நோயாளியைக் கள்ளன்னு சொல்றியா, செவப்பு?" எங்கள் எல்லாருக்கும் அவர் வைத்த பெயர் அது.

"எட்டு வச்சீங்க. ஆறுதான்."

"கை நடுங்குது, தெரியல? இதுகூடத் தெரியலன்னா நீ எப்படி டாக்டராவ?"

"எப்பவும் முன்பக்கமாவே நடுங்குதே, அது எப்படி?"

ஆறிய காபியைக் குடிக்க மாட்டார், என் மேல் தப்பு என்பார். சர்க்கரையில்லாத ஜெல்லியை ஜன்னல் கண்ணாடியில் எறிவார். ரெனே என்ற நர்ஸைக் கூப்பிட மணியை அழுத்தி, அவள் வந்ததும் எதற்குக் கூப்பிட்டேன் என்று மறந்துபோனதாக நடிப்பார். வியாழக்கிழமை விடிந்தாலே எனக்கு அலுப்பாக இருக்கும். இருந்தும் போனேன். விண்ணப்பத்தில் காட்ட வாலண்டியர் நேரம் சேர வேண்டுமே. அதோடு, ஒரு தடவையாவது அந்த ஆளை நியாயமாகத் தோற்கடிக்க வேண்டும் என்று ஒரு வெறி பிடித்துக்கொண்டது. மற்ற சிவப்புச் சட்டைகள் ஒரு முறை உள்ளே போய் மூக்கை உறிஞ்சியபடி வெளியே வருவார்கள், பிறகு அந்தப் பக்கமே வர மாட்டார்கள். அது ஏன் என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

பனி உருகத் தொடங்கியிருந்த ஒரு வியாழக்கிழமை. நான் போனபோது ஓப்டால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காபியை நீட்டினேன்.

"ரொம்ப நன்றிம்மா" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன், வேறு யாரிடமாவது சொல்கிறாரா என்று.

சீட்டைக் கலைத்தேன். ஆடினோம். மெதுவாக எண்ணினார். ஆறு என்றார், ஆறு துளை வைத்தார். அடுத்த கையில் நான்கு. நான்கே நான்கு. மூன்றாவது கையில் அவருக்கு ஒரு ஜோடி இருந்தது, அதை எண்ணவே மறந்துவிட்டார். அவருக்குச் சேர வேண்டிய புள்ளியை நானே எடுத்துச் சொன்னேன். "அப்படியா" என்றார். நான் ஜெயித்தேன், முதல் தடவையாக. அவர் சிரித்தார். "நல்லா ஆடினே" என்றார்.

வெளியே வந்து ரெனேயைப் பிடித்தேன்.

"மிஸ்டர் ஓப்டாலுக்கு ஏதோ சரியில்ல."

"ஏன், என்ன பண்றாரு?"

"நன்றி சொல்றாரு."

ரெனே சிரித்துவிட்டாள். "சொல்லட்டுமே! காலையிலிருந்து தங்கமா இருக்காரு. மணியே அடிக்கல. நாங்க எல்லாரும் கும்பிட்டுக்கிட்டு இருக்கோம்."

"ரெனே, அவரு ஏமாத்தல."

"என்ன?"

"கிரிபேஜ்ல. ஆறுன்னா ஆறுதான் வச்சாரு."

"ஜுரம் இல்ல, ரத்த அழுத்தம் சரியா இருக்கு, கேட்டா பேர் சொல்றாரு, ஊர் சொல்றாரு. நியாயமா ஆடினாருன்னு நான் டாக்டரைக் கூப்பிடவா?" அவள் என் தோளைத் தட்டினாள். அவளுக்குப் பாவம் ஏழு நோயாளிகள். "வீட்டுக்குப் போ பிரிட்டா."

நான் வீட்டுக்குப் போகவில்லை. மின்தூக்கி பக்கம் பயிற்சி டாக்டர் ஒருவர் கையில் ரொட்டியோடு அவசரமாகப் போய்க்கொண்டிருந்தார். குறுக்கே போய் நின்றேன். அவர் இடது பக்கம் போனார், நானும் போனேன். வலது பக்கம் போனார், நானும் போனேன். அவர் நாகரிகமாக, வாலண்டியர்கள் நர்ஸிடம்தான் சொல்ல வேண்டும் என்றார். நர்ஸிடம் சொல்லியாயிற்று என்றேன். என்ன தொந்தரவு என்று கேட்டார். பண்பாக நடந்துகொள்கிறார் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இன்றைக்கும் நினைத்தால் காது சூடாகிறது.

"வேற ஆள் மாதிரி இருக்காரு டாக்டர். அவரு அவரா இல்ல. ஒரு தடவை வந்து பாருங்க, அதுக்கப்புறம் நான் போயிடறேன்" என்று கத்தியே விட்டேன். நடைபாதையில் போகிறவர்கள் எல்லாம் நின்றார்கள். என்னைத் தொலைத்துக்கட்டினால் போதும் என்று அவர் கைபேசியை எடுத்து ஓப்டாலுக்குச் சிறுநீர்ப் பரிசோதனைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் லொரெய்ன் கூப்பிட்டாள். அவள் மேசையில் ஒரு தட்டு நிறைய எலுமிச்சைத் துண்டு இனிப்பு இருந்தது. எனக்கு ஒன்று கொடுத்தாள். கொடுத்துவிட்டுச் சட்டையைக் கழற்றிக்கொடுக்கச் சொன்னாள்.

"பரிசோதனையில என்ன வந்துது?" என்று கேட்டேன்.

"அதை உன்கிட்ட நான் சொல்லக் கூடாது. நீ கேக்கவும் கூடாது. இதைத்தானே முதல் நாளே சொன்னேன்?"

எனக்கு விஷயம் தெரிந்தது இரண்டு வாரம் கழித்து, மளிகைக் கடையில், உறைந்த மீன் பெட்டிக்கு முன்னால் ரெனேயைப் பார்த்தபோதுதான். மூத்திரத்தில் சீழ் வைத்து ரத்தத்தில் கலந்திருந்ததாம். அன்று ராத்திரியே தீவிர சிகிச்சைக்கு மாற்றினார்களாம். வயதானவர்களுக்குச் சில சமயம் ஜுரம்கூட வராதாம், சும்மா அடங்கிப் போய்விடுவார்களாம். பிழைத்துக்கொண்டார், முதியோர் இல்லத்தில் இடமும் கிடைத்துப் போய்விட்டார்.

"அப்ப நான் சொன்னது சரிதானே? இதை லொரெய்ன்கிட்ட சொல்லுங்களேன்."

"நானே போய்ச் சொன்னேன். விதி விதிதானாம்." ரெனேயால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை, மீன் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

கோடையில் விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டத்துக்கு நட்சத்திரம் போடுவது என்பதில் சந்தேகமில்லை. எதை எழுதுவது என்பதுதான் கேள்வி. அந்த வியாழக்கிழமையை எழுதலாம். எழுதினால், அதன் கடைசி வரி என்னவாக இருக்கும்? "இதற்காக என்னை வெளியேற்றினார்கள்" என்பதா? சொன்ன பேச்சு கேட்காதவள், டாக்டரை வழிமறித்தவள், நடைபாதையில் கத்தியவள். இப்படிப்பட்ட பெண்ணை எந்தக் கல்லூரி வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கும்? அதனால் கைபேசியைத் திறந்து கழிப்பறையில் தட்டி வைத்ததை எடுத்தேன். நோயாளியின் பெயரைச் சொல்லக் கூடாது என்பதால் திரு. கஸ் என்று வைத்தேன். கால் புண், கப்பல், ஜன்னல், அந்த ஒரு வாக்கியம். ஃபெல்ட்காம்ப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுதான் பிரிட்டா! இதைத்தான் நான் கேட்டேன்."

இலையுதிர்காலத்தில் ஒரே ஒரு கல்லூரியிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. காரில் பாதி நாள் பயணம். அப்பா தன் காருக்குப் பனியில் வழுக்காத குளிர்காலச் சக்கரங்களை எனக்காக முன்கூட்டியே மாட்டிக்கொடுத்தார். பனியே விழவில்லை.

என்னைக் கேள்வி கேட்டவர் டாக்டர் வாங். சின்ன உருவம், நரைத்த குட்டை முடி, அவசரமே இல்லாத குரல். மேசையில் என் விண்ணப்பம். கோடு போட்ட இடத்தில் விரலை வைத்துச் சத்தமாகப் படித்தார்.

"'டாக்டருங்க எல்லாம் என் காலைப் பாத்தாங்க. நீதான் என்னைப் பாத்த.'" நிமிர்ந்தார். "நல்லா இருக்கு. இந்த வருஷம் இதை நான் படிக்கிறது மூணாவது தடவை."

எனக்குப் புரியவில்லை.

"முதல்ல வந்த பையன் அவருக்குத் திரு. எட்னு பேரு வச்சிருந்தான். அடுத்து வந்த பொண்ணு திரு. ஹென்றின்னு வச்சிருந்தா. உங்களுக்குத் திரு. கஸ். மூணு பேருமே கப்பல்ல சமையக்காரங்க, மூணு பேருக்கும் கால்ல புண்ணு. மூணு பேரும் ஜன்னலைப் பாத்துட்டுத்தான் பேசறாங்க." விண்ணப்பத்தை மூடினார். "யாரு யாரைப் பாத்து எழுதினீங்க? சொல்லிடுங்க, நல்லது."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே வந்த அத்தனை சிவப்புச் சட்டைகளும் என் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மூன்று வருடம், பதினைந்து கட்டம், ஒரே ஒரு நேர்காணல், அதையும் அந்தக் கிழவன் கவிழ்த்துவிட்டான்.

"யாரும் யாரையும் பாத்து எழுதல டாக்டர். அந்த ஆளு எங்க எல்லாரு காதுலயும் பூ சுத்தியிருக்காரு."

"அப்படியா? சரி, மத்த ரெண்டு பேருக்கும் அவரைப் பத்தித் தெரியாத ஒண்ணு சொல்லுங்க."

"ஏமாத்துவாரு" என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் முந்திக்கொண்டது. "கிரிபேஜ்ல. வாரா வாரம். ஆறுக்கு எட்டு வைப்பாரு. ஜெல்லியை எறிவாரு. எனக்கு அவரைப் பிடிக்கவே பிடிக்காது. அவரு எனக்கு ஒண்ணுமே கத்துக்குடுக்கல, நான் எழுதினதெல்லாம் பொய். நேரம் சேரணும்னுதான் போனேன்."

டாக்டர் வாங் பேனாவைக் கீழே வைத்தார்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? கிடைக்காது என்று தெரிந்துவிட்ட பிறகு வருகிற ஒரு தைரியம் இருக்கிறதே, அது வந்துவிட்டது. அந்த வியாழக்கிழமையை முழுக்கச் சொன்னேன். காபிக்கு நன்றி சொன்னதை, ஆறுக்கு ஆறு வைத்ததை, நான் ஜெயித்ததை, ரெனே சிரித்ததை, ரொட்டியோடு வந்த டாக்டரோடு மின்தூக்கி முன்னால் நான் ஆடிய ஆட்டத்தை. சட்டையைக் கழற்றிக்கொடுத்ததையும் சொன்னேன்.

"பரிசோதனையில?"

சொன்னேன்.

அவர் என் விண்ணப்பத்தை மறுபடி திறந்து பார்த்தார். பிறகு, "இதை ஏன் எழுதல?" என்றார்.

"எப்படி எழுதறது? அதுக்காகத்தானே என்னைத் துரத்தினாங்க. துரத்தினதுக்கு யாராவது நட்சத்திரம் போடுவாங்களா?" என் குரல் உயர்ந்துவிட்டது. "நீங்கதான் டாக்டர் கதை கேக்குறீங்க. கண்ணுல தண்ணி வரணும், கடைசியில நாங்க திருந்தணும், பாதிப் பக்கத்துக்குள்ள அடங்கணும். நாங்க ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அதைத் தேடி அலையறோம். படுத்துக் கிடக்குற மனுஷன்கிட்ட போய், உன் சீக்கு உனக்கு என்ன சொல்லிச்சுன்னு கேக்குறோம். எங்களை அனுப்பி வைக்க அவருக்கும் ஒரு வரி தேவைப்பட்டுது. குடுத்தாரு. வேற என்ன செய்வாரு?"

கதவு தட்டப்பட்டது. அடுத்த ஆள். டாக்டர் வாங் எழுந்தார்.

"வண்டி நிறுத்தின சீட்டை முன்னாடி குடுத்து முத்திரை வாங்கிக்குங்க. இல்லன்னா வெளிய விட மாட்டான்" என்றார். அவ்வளவுதான். திரும்பி வருகிற வழி முழுக்க ஸ்டீயரிங்கில் அடித்துக்கொண்டே வந்தேன்.

குளிர்காலத்தில் பதில் வந்தது. காத்திருப்போர் பட்டியல். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. மாதங்கள் ஓடின. பல் படிப்புக்கு முன்பணம் கட்டக் கடைசித் தேதி வரப்போகிறது. அப்பா என்னைப் பார்த்தால் வானிலை பற்றிப் பேசினார். யார் மேலாவது கோபப்பட்டே ஆக வேண்டும் போலிருந்தது. அதற்குத் தகுதியான ஆள் ஒருவர்தான்.

முதியோர் இல்லம் துறைமுகத்துக்கு மேலே இருந்தது. ஓப்டால் சக்கர நாற்காலியில், தொலைக்காட்சிக்கு முன்னால். மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "செவப்பு! சட்டை எங்க?" என்றார்.

"பிடுங்கிட்டாங்க. உங்களாலதான். மிஸ்டர் ஓப்டால், அந்த வசனத்தை எல்லார்கிட்டயும் சொன்னீங்களா?"

"எந்த வசனம்?"

"காலைப் பாத்தாங்க, என்னைப் பாத்த."

"ஓ, அதுவா?" அவர் முகம் மலர்ந்தது. "அது நல்லா வேலை செய்யும்ல? முதல்ல ஒரு பொண்ணு வந்து அரை மணி நேரம் நோண்டினா. சீக்கு என்ன கத்துக்குடுத்துதுன்னு. சீக்கு என்னத்தக் கத்துக்குடுக்கும்? கால் நாறும், அவ்வளவுதான். டிவியில எவனோ சொன்னதை எடுத்துவிட்டேன். கண்ணைத் தொடச்சுக்கிட்டே போயிட்டா. நான் நிம்மதியா ஹாக்கி பாத்தேன். அப்புறம் வந்தவங்களுக்கெல்லாம் அதேதான்."

"எனக்கும் அதைத்தான் சொன்னீங்க."

"உனக்கும்தான் சொன்னேன். எல்லாரும் போய்த் தொலைஞ்சாங்க. நீ மட்டும் மறுவாரம் வந்து நின்ன." அதை ஒரு குறையாகத்தான் சொன்னார். "என்ன பண்றது, சீட்டை எடுத்தேன். உக்காரு."

திட்ட வேண்டும் என்று வந்தவள் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் போக ஆரம்பித்தேன். எந்தக் கட்டத்திலும் எழுத முடியாத வியாழக்கிழமைகள். அவர் கை முன்னைவிடத் தளர்ந்திருந்தது. குச்சியை இரண்டு விரலால் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, சரியாக எண்ணித்தான் வைத்தார். ஒவ்வொரு முறை அவர் நியாயமாக வைத்தபோதும் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். அங்கிருந்த உதவியாளரிடம் போய் மூத்திரம் சரியாகப் போகிறாரா என்று கேட்பேன். இந்தப் பெண் வந்தாலே தொல்லை என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. அபூர்வமாக நான் முந்திக்கொண்டிருந்தேன். எனக்குக் கடைசித் துளைக்கு இன்னும் மூன்று, அவருக்குப் பதினொன்று. என் கையில் நல்ல சீட்டு. கைபேசி அடித்தது. தெரியாத எண். ஆனால் முன்னால் இருந்த மூன்று இலக்கம் அந்தக் கல்லூரி இருக்கிற ஊருடையது.

அறையில் தொலைக்காட்சி அலறிக்கொண்டிருந்தது. வெளியே போனால்தான் கேட்கும். ஓப்டாலைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போ, போய்ப் பேசு. நான் எங்க போகப்போறேன்?"

நடைபாதைக்கு ஓடினேன். பேசியவள் என் குடும்பப் பெயரைக் கடித்துத் துப்பினாள். ஒரு இடம் காலியாகியிருக்கிறது என்றாள். நாளை மாலைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும் என்றாள். இப்போதே சம்மதம் என்றேன். சரியாகக் கேட்கவில்லை என்றாள். சம்மதம், சம்மதம் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். டாக்டர் வாங் ஒரு சேதி சொல்லச் சொன்னாராம். காகிதத்தைப் பார்த்து, தனக்கே புரியாமல் படித்தாள். "'அவர் இப்போது ஏமாற்றுகிறாரா என்று கேட்கவும்.' இப்படித்தான் எழுதியிருக்கு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். ஓப்டால் கைகளை மடியில் கட்டிக்கொண்டு, ஏரியில் போகிற ஏதோ ஒரு கப்பலை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பலகையைப் பார்த்தேன். அவர் குச்சி கடைசித் துளையில் நிமிர்ந்து நின்றது. என் குச்சி, நான் விட்ட இடத்திலிருந்து நாலு துளை பின்னால் போயிருந்தது.

"மிஸ்டர் ஓப்டால், எனக்கு இடம் கிடைச்சிருச்சு."

"நல்லது. ஆட்டம் முடிஞ்சுது, நான் ஜெயிச்சுட்டேன். சீட்டைப் போடு."

"பதினொண்ணு பாக்கி இருந்துது உங்களுக்கு!"

"கை நடுங்குது, செவப்பு."

"என் குச்சியுமா நடுங்குச்சு? பின்பக்கமா?" நான் போட்ட சத்தம் துறைமுகம் வரை கேட்டிருக்கும். "திருட்டுக் கிழவா! நாலு துளை! நாலு!"

உதவியாளர் ஒருத்தி கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். நான் அழுதுகொண்டு நிற்கிறேன், அவர் நாற்காலியில் சத்தமில்லாமல் சிரித்துக் குலுங்கிக்கொண்டிருக்கிறார்.

"என்ன ஆச்சு? அவருக்கு என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல" என்றேன். "நல்லா இருக்காரு. ரொம்ப நல்லா இருக்காரு."